விழ மாட்டேன் என்ற சுல்தான்

கரக், ஜோர்டான்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜாங்கம் எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், நீ பட்டென்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஏழு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் தாளில் எழுதி, போட்டோ பிடித்து, என் மகள் கவிநிலாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அவள் பிரிண்ட் போட்டு உன் கையில் கொடுப்பாள். தாளைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வருவேன். முந்தின நாள் சாயந்திரம் நம் தெரு நாடகத்தில் வழக்கம்போல் சுல்தான் வேஷம் கட்டுவேன். ஆனால் விழ மாட்டேன்.

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாய். நடந்ததைக் கேள். எங்கள் கார்மென்ட்ஸ் பஸ்ஸை ஓட்டுபவர் ஜிரியஸ். அரபிக்காரர், ஆனால் நம்மைப்போல் இயேசுவைக் கும்பிடும் வேதக்காரர். இங்கே அப்படி நிறையக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ஈஸ்டர் முடிந்ததும் சாப்பிடக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் வந்திருந்தது. நான் பெருமையாகப் போன வருட நாடக வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "இதுதான் நான், நான்தான் சுல்தான்" என்றதும் எல்லோருக்கும் ஒரே குஷி. அவ்வளவு தூரத்தில் எங்கள் சுல்தானை ஆடுகிறீர்களா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார்கள். சரிகை அங்கிக்குக் கை தட்டினார்கள். என் நடைக்குக் கை தட்டினார்கள்.

அப்புறம் சுல்தானுடைய சாமி என்று நாம் வைக்கிற அந்தத் தங்கச் சிலை வந்தது. நான் அதன் முன்னால் குனிந்து கும்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ தமாஷ் என்று சிரித்தார். பிறகு நம் வெற்றிச்செல்வன் சந்தியாகப்பராகக் குதிரையில் வந்து என்னை வெட்டினான். நான் விழுந்தேன். சனம் செருப்பு வீச ஆரம்பித்தது. அந்த மனிதர் எழுந்து, பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்போது மணி மத்தியானம் பன்னிரண்டு. பிள்ளைகள் வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜிரியஸ்தான் கேட்டார், இந்தக் கதையை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று. எங்கள் தாத்தாவுக்கு ஒரு பரங்கிச் சாமியார் சொன்னது என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கேயும் அவர்களுக்கு அதே பெயர்தானாம், ஃபரஞ்சு. நாம் சிலுவைப்போர் என்று சொல்கிறோமே, அந்தக் காலத்து அரபிக்காரர்கள் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை. பரங்கிகள் படையெடுத்து வந்தார்கள், அவ்வளவுதான்.

யோசித்து எழுது.

உன் தம்பி
ராஜாங்கம்


புதுச்சேரி
12 மே 2025

டேய் ராஜா,

கிழிக்கவில்லை. படித்தேன். படித்த பிறகும் என் பதில் அதேதான்.

நாடகத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்காதே. அப்பா, லூயி வாத்தியார், சாகும்போது அந்த நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பொம்பளை கையில் நோட்டா என்று விழாக் குழுவில் எத்தனை பேர் குதித்தார்கள்! அப்பாவின் கையெழுத்தை என்னைத் தவிர வேறு ஒருத்தராலும் படிக்க முடியவில்லை என்பதால் அடங்கினார்கள். பதினாறு வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருத்தனுக்கும் வசனம் எடுத்துக் கொடுப்பது நான். உனக்கும் நான்தான். உன் மறதி ஊருக்குத் தெரியாமல் இருப்பது யாரால்?

தெருவே வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தபோது நம் ஆட்கள் நேர்ந்துகொண்டது இந்த நாடகம். கோட்டைக்குள் வேதக்காரர்கள், வெளியே சுல்தான். சந்தியாகப்பர் குதிரையில் வருகிறார், சுல்தான் விழுகிறான், கோட்டை பிழைக்கிறது. சுல்தான் விழுந்த பிறகுதான் தேர் வடத்தில் கை வைப்போம். நீ விழ மாட்டேன் என்றால் தேர் எப்படி நகரும்? சந்தியாகப்பர் தேரிலேயே உட்கார்ந்து உனக்கு விசிறிக்கொண்டிருப்பாரா?

சுல்தான் கட்டுகிறவன் அன்றைக்குக் கோயிலுக்குள் நுழையக்கூடாது, மறுநாள் கடலில் முழுகிவிட்டு முதல் ஆளாகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் கஷ்டம்தான். இல்லை என்று சொல்லவில்லை. கவிநிலாவைச் சின்ன வயதில் சுல்தான் பொண்ணு என்று கூப்பிட்டு அழவைத்தார்கள், அதுவும் தெரியும். ஆனால் முப்பது வருடம் விழுந்தவன் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக மாறிவிடுகிறாய். அந்த மனிதர் எழுந்து போனார் என்றால் எனக்கென்ன? அவர் நம் ஊருக்கா நேர்ந்துகொண்டார்?

ஒன்று வந்து விழு. இல்லையென்றால் வராதே. கோபிநாத் என்று ஒரு பையன், ஜிம்முக்குப் போய் உடம்பை வளர்த்து வைத்திருக்கிறான். அவனைக் கட்டச் சொல்கிறேன் என்கிறான் வெற்றிச்செல்வன். நானும் சரி என்று சொல்லிவிடுவேன்.

கமலா

வேளா வேளைக்குச் சாப்பிடு. போட்டோவில் உன் கை எலும்பாகத் தெரிகிறது.


கரக்
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிநாத்தின் உடம்பு சரி, அவனுக்கு நாலு வரி வசனம் நிற்குமா என்று கேள்.

வெள்ளிக்கிழமை லீவில் ஜிரியஸ் என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். நான் மிஷின் ரிப்பேர் பார்க்கிற இடத்திலிருந்து அண்ணாந்தால் அந்தக் கோட்டைதான் தெரியும். நாலு வருடமாகப் பார்க்கிறேன், யார் கட்டியது என்று கேட்கத் தோன்றவில்லை பார். பரங்கிகள் கட்டியது. நாம் மூங்கிலிலும் சாக்கிலும் கட்டுகிறோமே, அந்தக் கோட்டையின் நிஜம் இது.

இதற்குள் இருந்த துரை, சண்டை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்ட பிறகும் வழியில் போகிற வியாபாரிகளையும் யாத்திரைக்காரர்களையும் மடக்கிக் கொள்ளையடித்தவன். அதனால்தான் சலாவுதீன் சுல்தான் வந்து வளைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா கல்யாணச் சாப்பாட்டில் ஒரு பங்கை வெளியே சுல்தானுக்கே அனுப்பினாளாம். மணமக்கள் எந்தக் கோபுரத்தில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டு, அந்தக் கோபுரத்தின்மேல் மட்டும் கல் எறியாதீர்கள் என்று உத்தரவு போட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிரியஸ் உடனே சொன்னார்: "ரொம்ப உருகாத. மத்த இடத்துக்கெல்லாம் கல்லு வந்துக்கிட்டேதான் இருந்துச்சி."

அவர் அப்படித்தான். எதையும் பூசி மெழுகமாட்டார். எருசலேமைப் பிடித்தபோது பரங்கிகள் உள்ளே அகப்பட்டவர்களை வெட்டிக் குவித்தது, தப்பித்தவர்கள் டமாஸ்கஸ் வாசலில் வந்து விழுந்தது, இயேசுவின் கல்லறைக் கோயிலில் இருந்த உள்ளூர்ச் சாமியார்களையே பரங்கிகள் வெளியே தள்ளியது எல்லாம் சொன்னார். "அப்போ உங்க ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "எங்க வீடு இருந்த பக்கம்" என்றார். சுல்தான் ஒரு போரில் ஜெயித்த பிறகு சிறைபிடித்த, சாமியார்களைப்போல் துறவு விரதம் எடுத்த பரங்கி வீரர்களை வரிசையாக வெட்டச் சொன்னதையும் அவர்தான் சொன்னார்.

கடைசியில் கோட்டை என்ன ஆயிற்று தெரியுமா? இன்னொரு முற்றுகை, ஒரு வருடத்துக்கு மேல். உள்ளே பட்டினி. பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே விற்று ரொட்டி வாங்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கோட்டை பணிந்ததும் சுல்தான் அவர்களைத் தேடி மீட்டு அவரவர் குடும்பத்தோடு அனுப்பினாராம். அக்கா, இந்தக் கோட்டை முன்னால் சுல்தான் விழவே இல்லை. சந்தியாகப்பர் இந்தப் பக்கம் வந்ததாக ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கென்ன என்று கேட்டாய். போன தை மாதம் நான் காய்ச்சலில் கிடந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. பதினோரு நாள் எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தது அந்தப் பக்கத்து வீட்டுக் குடும்பம். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவுதான் என் காரணம்.

இன்னொன்று. நம் மஸ்தான் பாய் வருடா வருடம் என் அங்கியை இனாமாகத் தைத்துக் கொடுக்கிறார். அவர் ஒரு வருடமாவது கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? கேட்டுப் பார்.

ராஜாங்கம்


புதுச்சேரி
9 ஜூன் 2025

ராஜா,

கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இருக்கிறது.

தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் முல்லா வீதிக்குப் போனேன். நீ கேட்கச் சொன்னதற்காகப் போகவில்லை. கோபிநாத்தின் அளவைக் கொடுக்கத்தான் போனேன். மஸ்தான் பாய் அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு மார்பு? ராஜாங்கம் தம்பி இவ்ளோ ஊதிட்டாரா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சீட்டை மடித்து மிஷின்மேல் வைத்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பாய், நீங்க ஏன் வருசா வருசம் பாதியிலயே எழுந்து போயிடுறீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "கடை தொறக்கணும்னு சொல்லுவேன் இல்ல?" என்றார்.

"ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கடை பாய்?"

அப்புறம் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன். "எங்க அத்தா காலத்துலயே அப்பிடித்தாம்மா. அங்கி நாம தைக்கிறோம், சிலை வர்றதுக்கு முன்ன எழுந்துடணும்னு சொல்லிக் குடுத்தாரு. அது உங்க வீட்டு நேர்த்தி. அதுல நான் குறுக்க பேசக்கூடாது. தம்பி குனியறப்ப முதுகுல தையல் விட்டுடுமேன்னு அந்த எடத்துல மட்டும் ரெட்டைத் தையலு போடுவேன். மறுநாள் அங்கி திரும்பி வரும், செருப்புத் தடத்தோட. பொண்டாட்டி பாக்கறதுக்கு முன்ன நானே துவைச்சிடுவேன்."

எந்தச் சிலைக்காக எழுந்து போகிறாரோ அதற்குக் குனிவதற்கென்று ரெட்டைத் தையல் போட்டிருக்கிறார் ராஜா. நாற்பது வருடம். அவர்கள் பள்ளிவாசலைத் தாண்டித்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறேன். உள்ளே ஒரு சிலை கிடையாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வருடத்தில் ஒரு நாள் நம் கண்ணுக்கு அது தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு அவமானமாக இருந்தது. டீ கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் கோயில் சாமான் அறைக்குப் போய் அந்தத் தங்கச் சிலையை இழுத்து வெளியே போட்டேன். ஒரு கை ஏற்கெனவே இல்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஜிகினா வர்ணம் உரிந்து வந்தது. கீழே ரோஸ் நிற உடம்பு. விலாவில் ஒரு ஓட்டை, தொடையில் ஒன்று, தோளில் ஒன்று. அம்பு குத்தியிருந்த ஓட்டைகள்.

செபஸ்தியார்டா! அம்பு தைத்து வேதத்துக்காக உயிர்விட்ட நம் புனிதர், கை உடைந்த செபஸ்தியார். எந்தக் காலத்திலோ பீடத்திலிருந்து இறக்கிப்போட்டவரை எவனோ தங்கம் பூசி சுல்தானுடைய சாமி ஆக்கியிருக்கிறான். வருடா வருடம் சந்தியாகப்பர் குதிரையில் வந்து செபஸ்தியாரை எட்டி உதைத்துத் தள்ளுகிறார், நாம் கை தட்டுகிறோம். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். பங்குச் சாமியார் வந்து பார்த்தார், செபஸ்தியாரைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

ஆகவே சிலை இனிமேல் கிடையாது. அது உன் பேச்சைக் கேட்டு இல்லை, என் கண்ணால் பார்த்து. ஆனால் விழுவது விழுவதுதான். சிலை வெறும் சாமான், விழுவது கதை. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

கமலா


கரக்
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சிலை பற்றி எழுதியதை ஜிரியஸுக்குச் சொன்னேன். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். உள்ளே இருந்த பங்களாதேஷ் பெண்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

பயப்படக் காரணமும் இருக்கிறது. பத்து நாளாகத் தலைக்குமேல் ஏவுகணைகள் போகின்றன. எங்களுக்கு வருவது இல்லை, எங்களைத் தாண்டி யாருக்கோ போவது. சைரன் அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில் உட்காருகிறோம். டீவி பார்த்து நீ அலறுவாய் என்று தெரியும். நன்றாக இருக்கிறேன். ஜூலை 18 டிக்கெட் கையில் இருக்கிறது.

மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது என்ன தோன்றியது தெரியுமா? யாருடைய சாமி பெரியவர் என்று எவனோ எங்கேயோ கதை எழுதிவிடுகிறான், கீழே உட்கார்ந்திருப்பது நாமாக இருக்கிறோம். முப்பது வருடம் அப்படி ஒரு கதைக்கு நான் உடம்பைக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் முடியாது. சிலையை எடுத்தது போதாது அக்கா.

எனக்குக் கடைசிக் காட்சியை மாற்றிக் கொடு. கோட்டை பணியட்டும். பட்டினியில் விற்கப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் சுல்தான் மீட்டு அனுப்பட்டும். நான் நிற்க வேண்டும். நின்றபடியே திரை விழ வேண்டும். ஜிரியஸ் ஒரு எச்சரிக்கை சொல்லியனுப்புகிறார்: "அவரையும் ஒரு சந்தியாகப்பரா ஆக்கிடாதீங்க. நாங்க அப்பிடிக் கேக்கல."

உனக்கு உரிமை இல்லை என்கிறாய். உனக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

ராஜாங்கம்


புதுச்சேரி
3 ஜூலை 2025

ராஜா,

உயிரோடு இருக்கிறாய் என்று தினமும் கவிநிலாவுக்கு ஒரு வரி போடு. வேறு எதுவும் வேண்டாம்.

விழாக் குழு கூடியது. நான் சிலை கிடையாது என்றேன். செபஸ்தியார் சமாச்சாரம் அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டதால் அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அவ்வளவுதான், வெற்றிச்செல்வன் எழுந்துவிட்டான்.

"யக்கா, சுல்தான் விழலன்னா நான் குதிரையில வந்து யாரை வெட்றது? காத்தையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "நோட்டைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கோ. வயசாயிடிச்சி ஒனக்கு. நாங்க டைப் அடிச்சி வச்சிக்கிறோம்" என்றான். யாராவது ஒருத்தராவது எனக்காகப் பேசுவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "திருவிழா முடியட்டும், குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதினாறு வருடமாக வசனத்தைத்தான் படித்திருக்கிறேன், முன்னால் இருக்கும் தாள்களைப் படித்ததில்லை. அதில் நேர்ந்துகொண்ட வாசகம் இருக்கிறது. அப்பா பழைய ஏட்டைப் பார்த்து எழுதியது. "இந்தச் சரித்திரத்தை ஒரு வரி விடாமல் வருடந்தோறும் நடத்திவைப்போம்." அவ்வளவுதான் வாக்கு. செருப்பு வீச வேண்டும் என்று நோட்டு முழுக்க ஓர் இடத்தில்கூட இல்லை. எவனோ ஒரு வருடம் வீசியிருக்கிறான், அடுத்த வருடம் அது வழக்கமாகிவிட்டது.

நன்றாகக் கேட்டுக்கொள். ஒரு வரியும் விட மாட்டேன். ஊருக்குக் கொடுத்த வாக்கு. ஆகவே நீ விழுவாய். ஆனால் வரி சேர்க்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. விழுந்த பிறகு நீ எழுந்திருப்பாய். எழுந்து நின்று, நடந்தது என்ன என்று சபைக்குச் சொல்வாய். அதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். குழுவிடம் சொல்லப்போவதில்லை.

உனக்கும் முழுத் திருப்தி இல்லை, அவர்களுக்கும் இருக்காது. என்னால் முடிந்தது இது. வா.

கமலா


கரக்
15 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லீவை ரத்து செய்துவிட்டார்கள். ஏவுகணைக்குப் பயந்து இரண்டு மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. மாதக் கடைசியில் சரக்கு போக வேண்டும். இப்போது போனால் திரும்பி வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கவிநிலாவின் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வரலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

விழ மாட்டேன் என்று வீராப்புப் பேசினேன். இப்போது வரவே முடியவில்லை. நீ விழுந்து எழ வேண்டும் என்று எழுதியபோது முதலில் கோபம் வந்தது, பிறகு அதுதான் சரி என்று பட்டது. அந்த வசனத்தைப் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதாத வசனத்தை.

விட்டுவிடு அக்கா. இந்த வருடம் கோபிநாத் விழட்டும். நோட்டை வைத்து அவர்களோடு சண்டை போடாதே. தனியாக நின்று பேச்சு வாங்காதே. அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம்.

என்னை மன்னித்துவிடு.

ராஜாங்கம்


புதுச்சேரி
29 ஜூலை 2025

ராஜா,

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றுதான் நாற்பது வருடம் ஓடியிருக்கிறது. என்னைக் கிளப்பிவிட்டவன் நீ, உட்காரச் சொல்வதும் நீயா? மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கோபிநாத்துக்கு ஒத்திகையில் ஒரு வரியும் நிற்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தால்தான் அவன் வாய் திறக்கும். நாடகத்தன்று மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னிக்கு நான் திரைக்குப் பின்னால நிக்கப் போறதில்ல" என்றேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நான் என்னா பேசறது யக்கா?" என்றான். "அதான் எனக்கும் தெரியல" என்றேன். அவனே கிரீடத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அங்கியை எடுத்துக்கொண்டு முல்லா வீதிக்கு ஆட்டோவில் ஓடினேன். மஸ்தான் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ளுக்குப் புடிக்கணும், நீளம் கொறைக்கணும். ஒரு மணி நேரம் குடு" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

நான் மேடை ஏறியதும் சனம் சிரித்தது. பிறகு விசில். குழுவில் ஒருத்தன் மைக்கை நிறுத்தச் சொல்லி ஓடினான். மைக் செட்காரன் நிறுத்தவில்லை. நான் அப்பாவின் வரிகளை ஒன்று விடாமல் பேசினேன். சிலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. "இறைவா, என் சேனைக்குத் துணை நில்" என்ற வரியை வெறும் தரையில் மேற்கே பார்த்து உட்கார்ந்து சொன்னேன். எனக்கு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை, தேவையும் படவில்லை.

வெற்றிச்செல்வன் குதிரையில் வந்தான். என்னைப் பார்த்ததும் வாளை ஓங்கினவன் அப்படியே நின்றான். "யக்கா, என்னா இது?" என்றான், உதடு மட்டும் அசைய.

"வெட்றா, நேரம் ஆவுது" என்றேன்.

வெட்டினான். விழுந்தேன். ஐம்பத்தாறு வயதில் பலகைமேல் விழுவது என்றால் என்ன என்று இப்போது தெரியும். முப்பது வருடம் நீ எப்படி விழுந்தாய் ராஜா? செருப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்று இடுப்பில் பட்டது, இன்னும் வலிக்கிறது. கீழே படுத்திருக்கும்போது எறிகிறவர்களின் முகம் தெரிகிறது. அத்தனை பேரும் நமக்குத் தெரிந்தவர்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள். இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

தேர் வடத்தை எடுக்க ஆட்கள் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன்.

எழுதி வைத்திருந்தது ஒரு பக்கம். பேசியது அதில் பாதிதான். "சபையோரே, நாடகத்தில் நான் விழுந்தேன். உங்கள் நேர்த்தி முடிந்தது. இனி என்னைக் கேளுங்கள். நான் சிலை வைத்துக் கும்பிட்டவன் இல்லை. உங்கள் படைதான் கடல் தாண்டி என் ஊருக்கு வந்தது, நான் உங்கள் ஊருக்கு வரவில்லை. அந்தக் கோட்டை பட்டினியில் பணிந்தது. விற்கப்பட்ட பெண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். கைதிகளை வெட்டச் சொன்னவனும் நான்தான். என்னைப் புனிதன் என்று சொல்லச் சொல்லவில்லை. என்மேல் செருப்பு வீசிவிட்டுத் தேர் இழுக்காதீர்கள் என்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை. "எறங்குடி கீழ!" என்று ஓர் ஆண் குரல். "பேசி முடிக்கட்டும் இரு!" என்று இன்னொரு பெண் குரல், அது உன் மகளுடையது. மஸ்தான் பாய் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் மேடையைவிட்டு இறங்கவில்லை. நின்றேன். அப்படியே நிற்க, தேர் கிளம்பியது. அரை மணி நேரம் தாமதம். சந்தியாகப்பர் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் குழு வந்து நோட்டைக் கேட்டது. சொன்ன சொல் என்பதால் கொடுத்துவிட்டேன். இனிமேல் மேடைப் பக்கம் வராதே என்றும் சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

நேற்று சாயந்திரம் வெற்றிச்செல்வன் மட்டும் தனியாக வந்தான். நோட்டு அக்குளில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெருவில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லையாம், மீதிப் பேர் என்னைத் திட்டுகிறார்களாம். டைப் அடிக்கிற பையன் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டானாம்.

"அதுக்கு?" என்றேன்.

"எழுந்து பேசினியே, அது நோட்டுல இல்ல" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு வரி விடக்கூடாதுன்னுதான நேர்ந்துக்கிட்டோம். ஊர் முன்ன பேசியாச்சு. இனிமே அது இல்லாம எப்பிடி நடத்தறது? எழுதிக் குடு."

வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வாசற்படியிலேயே நின்றான். அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, அன்றைக்குப் பேசியதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினேன். முடித்துவிட்டு அதன் அடியில் லூ. கமலா என்று கையெழுத்துப் போட்டேன். அவன் அதைப் படித்தான், நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

கமலா